நீ திருப்பிப் பார்க்காத தகடு

ஏலே,

இரண்டு நாளாக என் வீட்டில் வினிகர் வாடை தூக்குகிறது. “ஊறுகாயா போடுதிய?” என்று பக்கத்து வீட்டுக்கார அம்மா மதில் மேல் எட்டிக் கேட்டுவிட்டார். பிளாஸ்டிக் பேசினில் ஊறிக் கிடப்பது மாங்காய் அல்ல. ஒன்பது வருஷமாக நீ உன் இரும்புப் பெட்டியின் அடியில், உடுத்திப் பழசான சாரத் துணியில் சுற்றி ஒளித்து வைத்திருந்த தகடு.

நீ கண்ணை மூடி வருஷப் பூசை முடிந்த மறுநாள் உன் மனைவி ரோசாலி அதைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

“கடல்ல போட்டுரச் சொன்னாவ அண்ணாச்சி. ஒங்ககிட்ட மட்டும் காட்டாதன்னு சொன்னாவ. போடத்தான் கொண்டு போனேன். என்னன்னே தெரியாம எப்படிப் போட? இது என்ன, நீங்களே சொல்லுங்க.”

முழங்கை நீளம், கையகலம். ஒரு பக்கம் முழுக்கச் சுண்ணாம்பும் பொடிச் சிப்பியும் ஒட்டிச் சொரசொரவென்று இருந்தாலும், ஓரத்தில் எங்கள் பயிற்சிப் பள்ளி விமானங்களின் நீலப் பட்டை மங்கலாகத் தெரிந்தது. “பாத்துட்டுச் சொல்லுதேன்” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். நீ சங்கு குளிக்கப் போனாய். நான் விமானப் பராமரிப்பு படித்து, கையெழுத்துப் போடும் உரிமம் வாங்கி, அந்தப் பள்ளியின் விமானக் கொட்டகையில், ஹேங்கரில், சேர்ந்தேன். நீ ஒரு நாளும் விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் உன்னைப் போல் என்னைக் கேள்வி கேட்டுக் குடைந்தவன் எவனும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இதில் பாதி கேட்டிருந்தால் வாத்தியார் உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

“வாலுக்கே ஒரு குட்டி வாலா? அது எதுக்குல?” என்று கேட்டாய், ஒரு மத்தியானம், கரையேற்றிய வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்துகொண்டு. வாலில் குறுக்காக ஒரு பலகை மேலும் கீழும் அசையும், விமானத்தின் மூக்கைத் தூக்குவதும் தாழ்த்துவதும் அதுதான் என்று சொன்னேன். அதை ஓட்டுகிறவர் கையாலேயே பிடித்துக்கொண்டிருந்தால் அரை மணியில் தோள் கழன்றுவிடும். அதற்காகப் பலகையின் பின் ஓரத்தில் கீல் வைத்த ஒரு சின்னத் தகடு. ட்ரிம் என்போம். இருக்கைக்குப் பக்கத்திலிருக்கும் சக்கரத்தைத் திருப்பினால், வாலுக்குள் ஒரு கம்பி போய்த் தகட்டைச் சற்றே சாய்க்கும். காற்று தகட்டைத் தள்ளும், தகடு பலகையைத் தாங்கிக்கொள்ளும்.

“சுக்கானக் கயித்துல கட்டிப் போட்டுட்டு நாங்க கஞ்சி குடிக்கோம்லா, அந்த மாதிரியா?”

“அதேதான்.”

“அப்பம் கயிறு அவுந்தா?”

“தகடு காத்துல படபடன்னு அடிக்கும். வாலே பிஞ்சாலும் பிஞ்சிரும்.”

“அவுறாம இருக்க என்ன வச்சிருக்கிய?”

மறுநாள் ஹேங்கர் வாசலுக்கு உன்னை வரச் சொல்லி, கையில் வைத்துக் காட்டினேன். தகட்டில் இரண்டு காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் கம்பியின் வளையம். மூன்றையும் கோத்து ஒரு போல்ட். போல்ட் நுனியில் பல் வெட்டிய நட். நட் கழலாமல் இருக்க, தீக்குச்சியை விட மெல்லிய காட்டர் பின். பின்னின் ஒரு காலை மேலேயும் மறு காலைக் கீழேயும் மடக்க வேண்டும். துடைக்கிறவன் விரலைக் கிழிக்காமல் இருக்க, மேல்கால் நுனியை நான் உள்ளே சுருட்டி விடுவேன். ஹேங்கரில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. “பின்னுக்குக் கொண்ட போடுதாரு பாருங்க” என்று எல்லோரும் கேலி செய்வார்கள். நீயும் சிரித்தாய்.

எங்களிடம் பயிற்சிக்கு வந்த அந்தப் பெண் தனியாகப் பறந்த காலையை உனக்கு நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். பத்தொன்பது வயசு. முயல் தீவுக்குக் கிழக்கே, கடல் மேல் போகும்போது வால் நடுங்கத் தொடங்கியது. ஓட்டும் பிடி கையில் நிற்காமல் உதறியது. வேகத்தைக் குறைத்தாள். பெரிய உதறல் ஒன்று வந்து, பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து ஓடுதளத்துக்குக் கொண்டுவந்து இறக்கியவள், சக்கரத்துக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் வாலைப் போய்ப் பார்த்தேன். கம்பியின் வளையம் வெறுமையாகத் தொங்கியது. போல்ட் இல்லை. தகடு இல்லை.

நான்கு நாள் முன்னால் அந்த போல்ட்டைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து, திரும்ப மாட்டிக் கையெழுத்துப் போட்டவன் நான். போல்ட்டை ஓட்டையில் விட்டது ஞாபகம். நட்டை முறுக்கியது ஞாபகம். பின்னைக் கையில் எடுத்ததும் ஞாபகம். அப்போது போன் அடித்தது. நீதான். “சீலா மீன் வந்திருக்குல, வாங்கி வைக்கவா?” என்றாய். அதற்குப் பிறகு பின்னைப் போட்டேனா? யோசித்து யோசித்துப் பார்த்தும் அந்த இடம் மட்டும் எனக்கு வரவேயில்லை.

அதை உன்னிடம் சொன்ன விதம்தான் தப்பு. “நீ அந்த நேரத்துல கூப்பிடாம இருந்திருந்தா” என்று ஆரம்பித்துவிட்டேன். முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவும் இல்லை. நீ எழுந்து போய் வள்ளத்தைத் தள்ளினாய். “வா, தேடுவோம்.”

மூன்று நாள் தேடினோம். நீ முங்கி முங்கி எழுந்தாய், நான் மேலே உட்கார்ந்து கடலை முறைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாளே உனக்குச் சொல்லியிருந்தேன்: “அந்த ரெண்டு காதையும் பாரு. போல்ட் கோத்து நின்னா நான் பொழச்சேன். ஓட்ட காலியா இருந்தா தப்பு என்னதுதான்.” பதற்றத்தில் இருக்கிறவன் பேச்சு. போல்ட்டே ஒடிந்திருக்கக்கூடும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் படித்தவனுக்கு.

நாலாம் நாள் நான் வரவில்லை. காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை, பயம். கிடைத்துவிடுமோ என்று பயம்.

விசாரணை மாசக்கணக்கில் இழுத்து, பின் போடாமல் நட் கழன்றிருக்கலாம் என்று எழுதி முடிந்தது. ஒரு வருஷம் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். திரும்பக் கிடைத்தபோது நான் அதைப் புதுப்பிக்கவில்லை. ஸ்டோருக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கேட்கிறவர்களுக்குப் பின்னை எடுத்துக் கொடுப்பவன் ஆனேன்.

நீ வாரம் தவறாமல் வந்தாய். சின்ன விஷயமானாலும் டி.வி.எஸ்.ஸை உருட்டிக்கொண்டு ஹேங்கர் கேட்டுக்கே வந்து நின்று ஆள் விட்டுக் கூப்பிடுவாய். “ஒரு போனப் போட்டாத் தேஞ்சா போவ, கஞ்சப் பயலே” என்று திட்டுவேன். “வண்டி இருக்கு, வாரேன். ஒனக்கு என்னல?” என்பாய். டீ குடிக்கும்போது நான் பழைய கதையைத் தொட்டால், “போனது போய்ட்டுல. பிள்ள உசுரோட எறங்கிச்சில்லா” என்று பேச்சை வெட்டிவிடுவாய். சலிப்பு என்று நினைத்திருந்தேன்.

இப்போது பேசினுக்கு வருகிறேன். வினிகரில் தகடு நுரைத்தது. பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக்கொண்டே வந்தேன். ஒரு காது தெரிந்தது. ஓட்டை காலி. நீ பார்த்தது இதைத்தான். அந்தப் பக்கம் சுத்தமாக இருந்திருக்கும், முதலில் கண்ணில் பட்டிருக்கும். மறு காதின் வெளிப்புறத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு சுண்ணாம்புக் கட்டி. அது கரைய ஒரு நாள் ஆயிற்று. நேற்று சாயங்காலம் உள்ளிருந்து நட் வந்தது. நட்டுக்குள் பாதி போல்ட். போல்ட் நுனியில் பின். மேல்கால், கீழ்கால், மேல்காலின் நுனியில் சுருட்டிய கொண்டை.

அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன்ல. அந்தப் பெண் அன்று உட்கார்ந்த மாதிரி.

கொஞ்ச நேரம் கழித்து, பழக்க தோஷம், லென்ஸை எடுத்தேன். உப்புத் தண்ணீரில் அலுமினியமும் இரும்பும் சேர்ந்து கிடந்தால் அலுமினியம்தான் முதலில் அரிபடும். காது பாதி மாவாகியிருந்தது, இரும்பு அதனால் பிழைத்திருந்தது. போல்ட் ஒடிந்த முகத்தில் துருவுக்கு நடுவே ஒரு மூலையில் மட்டும் மட்டிச் சிப்பியின் மேல் இருக்கிற மாதிரி வளைந்த வரிகள். ஒரே நாளில் ஒடிந்ததில்லை. ஒவ்வொரு பறப்பிலும் மயிரளவு, மயிரளவாக விரிந்திருக்கிறது. அன்றைக்குத் துடைத்தபோது அந்த விரிசல் என் கண்ணில் பட்டிருக்க வேண்டுமா? அது வேறு கேள்வி.

உன் மேல் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். அதே வயசு போல்ட் வேறு எத்தனை வாலில் பறந்துகொண்டிருந்ததோ! சங்கு ஒவ்வொன்றையும் மூன்று தடவை புரட்டிப் பார்த்துப் பைக்குள் போடுகிறவன், இதை ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்கக் கூடாதா? பயந்திருப்பாய். நான் காய்ச்சல் என்று படுத்த மாதிரி.

பிறகு இன்னொன்று உறைத்தது. பின் போடாமல் ஒரு பிள்ளையைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன் நான் என்று நீ நிச்சயமாக நம்பியிருக்கிறாய். நம்பிக்கொண்டேதான் வாரா வாரம் வந்து, எனக்கு எதிரில் உட்கார்ந்து, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல் டீ குடித்திருக்கிறாய்.

இன்று காலை ரோசாலியிடம் போய்ச் சொன்னேன். “பின்னு போட்டுதான் இருக்கேன். அவன் போன் பண்ணுனதால ஒண்ணும் கெட்டுப்போகல.”

அவள் தகட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். “நீங்க தேடிப் பல மாசம் கழிச்சி, ஈஸ்டர் பாஸ்கு முடிஞ்ச வாரம் சங்கோட சங்கா இதக் கொண்டாந்தாவ. அன்னைக்கி முழுக்கச் சாப்பிடல” என்றாள். “அதுலேர்ந்து அவிய யாருக்கும் போன் போட்டதே இல்ல அண்ணாச்சி. என்னையும் விடமாட்டாவ. வேலையில இருக்கவன் கையில என்ன இருக்கோ, நாம கெடுத்துரக் கூடாதும்பாவ.”

கஞ்சப் பயல் என்று உன்னை எத்தனை தடவை திட்டியிருப்பேன்! என் விடுதலையைத்தான் நீ பெட்டியில் பூட்டினாய் என்று நினைத்திருந்தேன். உன்னுடையதும் அதே சாரத்துக்குள்தான் இருந்திருக்கிறது. சொல்லலாம் என்றால் நீ இல்லை.

இதுவரை எழுதி நிறுத்திப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. தகட்டைத் தலைமைப் பொறியாளரிடம் கொடுத்துவிட்டேன். அவர் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். பழைய விமானங்களின் வாலில் இருக்கும் போல்ட்டையெல்லாம் கழற்றிப் புதுசு மாற்றுகிறோம். நானும் சேர்ந்துதான். உரிமத்துக்கு மறுபடி பரீட்சை எழுத வேண்டும். அதுவரை நான் மாட்டுவதை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்.

இன்று காலை இரண்டாவது விமானத்தின் வாலடியில் இருந்தேன். நட்டை முறுக்கிப் பின்னை ஓட்டையில் விட்ட நேரம், சட்டைப் பையில் போன் அடித்தது. குனிந்து பார்த்தால் உன் பெயர். அந்த நம்பரை இப்போது ரோசாலி வைத்திருக்கிறாள் என்று நினைவுக்கு வர ஒரு நொடி ஆயிற்று. அடிக்கட்டும் என்று விட்டேன். மேல்காலை மடக்கினேன், கீழ்காலை மடக்கினேன், கொண்டையைச் சுருட்டினேன், விரலால் தொட்டுப் பார்த்தேன். பிறகுதான் எடுத்தேன்.

“சீலா வந்திருக்கு அண்ணாச்சி, வாங்கி வைக்கவா?”

“வாங்கி வையிம்மா” என்றேன். “பின்னு போட்டுட்டேன்.”