பனி யார் வாசலில் விழுகிறது

அன்புள்ள கசுமிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், கூரைமேல் பனியும் நலமாக ஒன்றரை மீட்டர் வளர்ந்திருக்கிறது, டோக்கியோவில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். புத்தாண்டுக்கு வந்தபோது ஒன்று கேட்டாயே, சில ரோபோ தொடர்கள் மட்டும் ஏன் இருபது வருஷம் கழித்தும் மனதில் நிற்கின்றன, மற்றவை ஏன் பொம்மை விற்று முடிந்ததும் மறந்துபோகின்றன என்று. அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது நீ எழுதுகிற ரோபோ தொடரின் மூன்றாம் பகுதி வசனப் பிரதியை இரண்டு முறை படித்துவிட்டேன், அதில் பதில் இல்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு முறை திருப்பி அனுப்பிய இயக்குநர் திங்கட்கிழமையும் திருப்பினால் வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தாய், அதனால் சர்க்கரை தடவாமல் சொல்கிறேன்.

உன் ரோபோவுக்குப் பதினான்கு ஆயுதங்கள். ஒவ்வொன்றின் பெயரையும் அதை உள்ளிருந்து ஓட்டுகிற பையன் முழுசாகக் கத்தி முடிக்கும்வரை எதிரி கைகட்டி நிற்கிறான், முப்பத்தாறு வருஷம் வகுப்பெடுத்த நான் அவ்வளவு ஒழுக்கமான ஒருவனைப் பார்த்ததே இல்லை. எட்டு மாடிக் கட்டடங்கள் சரிகின்றன, மறுநாள் அதே தெருவில் எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். நம் ஊரில் ஒரு சாக்கடை மூடியை மாற்றவே மூன்று கூட்டம் போடுகிறார்கள், அந்த நகராட்சியின் முகவரி இருந்தால் அனுப்பு. அப்பா படித்துவிட்டு, பொம்மை நன்றாக விற்கும் என்றார், அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதே. பத்தொன்பதாம் பக்கத்தில் மட்டும், ரோபோவின் முழங்காலுக்கு எண்ணெய் போடும் பெண், "இன்னைக்கும் வலது காலை இழுக்குது இது" என்கிறாள். அந்த ஒரு வரியில் அந்த ராட்சதன்மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது. அதைத்தான் நீ பென்சிலால் அடித்து வைத்திருக்கிறாய்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற ஷிபாதாவைத் தெரியும்தானே, பள்ளியில் உனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். அவருடைய மஞ்சள் வண்டியும் உன் ரோபோ மாதிரி எதையும் தள்ளும், ஆனால் தள்ளிய பனி மாயமாகிவிடாது, யாராவது ஒருவர் வாசலில்தான் போய் விழும். வழக்கமாகக் கொட்டும் கால்வாய் அன்று உறைந்து அடைத்துக்கொண்டது. இடது பக்கம் கொன்னோ சான் வீடு, வலது பக்கம் நம் வீடு. நம் வாசலில் என் இடுப்பு உயரத்துக்குக் குவித்துவிட்டார். நான் மண்வெட்டியோடு போய் வண்டியை மறித்து, பாடம் சொல்லிக் கொடுத்த சென்சேய்க்கு இதுதான் மரியாதையா என்று கேட்டேன். கண்ணாடியை இறக்கி, "சென்சேய், உங்களுக்குக் கைகால் நல்லா இருக்கு, திட்டவும் தெம்பு இருக்கு. கொன்னோ சானை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போக பத்து மணிக்கு வண்டி வரணும்" என்றார். நான் வாசலுக்குத் திரும்பி வந்து வெட்ட ஆரம்பித்தேன். மதியம் சுற்று முடிந்ததும் அவர் சாப்பிடப் போகாமல் வண்டியை ஓரம்கட்டி இறங்கி வந்தார். "நான் கொட்டினது, தள்ளி நில்லுங்க" என்று மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். அவ்வளவு பெரிய வண்டியிலிருந்து இறங்கியதும் அவர் எவ்வளவு சின்ன ஆளாகத் தெரிந்தார் என்பதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், வண்டியின் குதிரைத்திறன் எத்தனை என்று எனக்கு இன்னும் தெரியாது.

உன் பையன் ஜெயிப்பான் என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், அதற்காக யாரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளப் போவதில்லை. யார் வாசலில் கொட்டப்போகிறான், கொட்டியபின் இறங்கி வருவானா என்று வைத்தால் அப்பாகூடத் தூங்காமல் பார்ப்பார். பதினைந்தாவது ஆயுதத்தைச் சேர்க்காதே, அந்த முழங்காலைத் திரும்ப எழுது.

புகை போட்ட முள்ளங்கி ஊறுகாய் தனியாக வருகிறது, டப்பாவைத் திருப்பி அனுப்ப மறக்காதே. உடம்பும் மனசும் திடமாக இருக்க வேண்டும், உன் எழுத்து நிலைக்க வேண்டும். இதைப் படித்து முடித்ததும் ஒரே ஒரு காட்சி எழுதிப் பார்: சண்டை முடிந்த காலையில் பையன் ரோபோவிலிருந்து இறங்கி, தான் சுவரை இடித்த வீட்டின் கதவைத் தட்டட்டும், கதவைத் திறப்பவர் முதலில் பேசட்டும்.

உன் அம்மா,
யசுயோ