முதல் அடி போத்தலுக்கு

என்றும் என் மதிப்புக்குரிய அத்தான்,

வீட்டில் பெரிய மாற்றமில்லை. அக்கா உக்குவளையிலேயே படிப்பிக்கிறார். உங்கள் சின்னவளுக்கும் உங்களைப் போலவே ஆஸ்துமாத் தொய்வு. மழை தொடங்கினால் மூச்சு விசிலடிக்கிறது. அவளுக்கு மருந்து கொடுக்கும்போதெல்லாம் அந்த பஸ் பயணம் நினைவுக்கு வரும். நாம் அதைப் பற்றி ஒழுங்காகப் பேசியதே இல்லை.

நீங்கள் வேலை பார்த்த வில்கமுவ நீர்ப்பாசனக் கந்தோரிலிருந்து உங்களை மாத்தளைக்குக் கூட்டி வந்துகொண்டிருந்தேன். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். உங்கள் பையிலிருந்த பிளாஸ்டிக் போத்தலை ஒரு சிப்பாய் வெளியே எடுத்தான். அடியில் துளையிட்டு இன்ஹேலரைச் செருகி, மருந்தை வாய்ப்பக்கமாக மெதுவாக இழுப்பதற்கு நான் செய்து தந்தது. உங்கள் அடையாள அட்டையைப் பார்த்தான். போத்தலைக் கீழே போட்டுச் சப்பாத்தால் மிதித்தான்.

தூசியிலும் பயத்திலும் உங்களுக்கு இழுப்பு வந்துவிட்டது. இன்ஹேலரை நேரே வாயில் வைத்து அடித்தீர்கள். இருமலோடு பாதி வெளியே போனது. உதடு நீலமாவதைக் கண்டு நான் சிங்களத்தில் கத்தினேன். கூட வந்த முஸ்லிம் பெண்மணி ஒருவர் தன் வெறும் போத்தலை நீட்டினார்.

"இந்தாங்க தம்பி, காஞ்சுதான் இருக்கு."

துளை போடக் கத்தி தந்தது அதே சிப்பாய்தான்.

பிறகு நடந்ததைத்தான் நீங்கள் மன்னிக்கவில்லை. முதல் சில அடிகளை நான் வெறும் போத்தலுக்குள் அடித்தேன்.

"டேய்... எனக்குடா!"

"கொஞ்சம் பொறுங்க அத்தான். புதுப் போத்தல். மருந்தெல்லாம் அதுலயே ஒட்டிக்கும்."

தலை வாரிய சீப்பு கடதாசித் துண்டை இழுப்பதுபோல, புதுப் பிளாஸ்டிக் மருந்துத் துளிகளை இழுத்துக்கொள்ளும். அதன் சுவரில் ஒரு படலம் படிந்த பிறகுதான் மிச்சம் நெஞ்சுக்குப் போகும். அதை விளக்க நேரமிருக்கவில்லை. இன்ஹேலரில் எவ்வளவு மீதி என்றும் தெரியாது. ஒவ்வோர் அடியாக அடித்தேன், நீங்கள் இழுத்தீர்கள். பஸ் புறப்படும்போது பேசுமளவுக்கு மூச்சு வந்திருந்தது.

"நான் சாகக் கெடக்கேன், நீ போத்தலுக்கு வைத்தியம் பாக்குற."

கடைசியில் உங்களைக் கொண்டுபோனது மாரடைப்பு. அன்று அந்த இன்ஹேலர் தீர்ந்துபோயிருந்தால் அக்காவிடம் என்ன சொல்லியிருப்பேன்? முறைப்படிதான் செய்தேன் என்றா?

போத்தலைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் உலரவிட்டால் மருந்து ஒட்டுவது குறையும். நான் வேலை செய்யும் கிளினிக்குக்கு வரும் தாய்மாருக்கு அதைத்தான் சொல்கிறேன். கேட்காதவர் அக்கா மட்டும்.

"ஈரத்தோட வைக்கிறதா? தொடச்சாத்தானே சுத்தம்?"

துணியால் துடைத்தால் மறுபடி ஒட்டும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இப்போது கழுவுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் சின்னவளின் வகுப்பு சீகிரியாவுக்குச் சுற்றுலா போகிறது. வழியில் சாவடி இருக்கிறது. நானும் கூடப் போகிறேன் அத்தான். போத்தல் என் கையில்தான் இருக்கும். என்னவென்று கேட்டால், அவள் பயப்படுவதற்கு முன் நானே வாயில் வைத்து இழுத்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான், சின்னவளின் மாமா