நீங்கள் வாசித்துச் சொன்ன மெக்சிகோ படம்

அண்ணே,

நேற்று எங்கள் வீட்டு டிவியில் ஒரு வரி வந்தது. அதைப் படித்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இப்போது வாசிக்கத் தெரியும். கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில், எண்பது வயதில் போய் உட்கார்ந்தேன். கடைப்பலகை, மருந்துப் புட்டி, தேர்தல் சுவரொட்டி, எதையும் விடுவதில்லை. நீங்கள், நான், பாக்கியம் மூன்று பேரும் பிற்பகல் ஆட்டத்தில் நாலு தடவை பார்த்த அந்த மெக்சிகோ படத்தை மகள் தேடிப் பிடித்து, அடியில் தமிழ் வரிகளும் வரும்படி செய்து கொடுத்தாள். துள்ளிவிட்டேன். ஒரே குறை, எழுத்து ஓடுகிற வேகத்துக்கு என் கண் ஓடாது. ஒவ்வொரு வரிக்கும் படத்தை நிறுத்தி, கூட்டிப் படித்து, மறுபடி ஓட்டினேன். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு நான்கு நாள் ஆயிற்று.

"அந்த மனுசன் கிளாஸத் தூக்கி எவ்வளோ நேரமாச்சு, குடிக்க விடுங்களேன்," என்றாள் பாக்கியம், பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே.

அந்தக் காலத்தில் நம் பினாங்கு நடன மண்டபத்தில் உங்களுக்கு சாக்சபோன், எனக்குத் தரை. ஆடுகிறவர்களின் கால் வழுக்கிப் போகும்படி பகலில் மெழுகு தேய்த்து வைப்பேன். டிக்கெட் வாங்கியவர்களோடு ஒரு பாட்டுக்கு ஆடும் பெண்களில் பாக்கியமும் ஒருத்தி. வருகிறவர்கள் எல்லோரும் மாம்போ என்ற கியூபா நடன இசையைக் கேட்டார்கள். அதைக் கற்றுத்தர பினாங்கில் ஆள் இல்லாததால் நீங்கள் சினிமாக் கொட்டகைக்குப் போனீர்கள். மெக்சிகோ படம் என்றால் அதில் எப்படியும் ஆட்டமும் பாட்டும் நடக்கும் ஒரு கேபரே விடுதி, கேபரேயில் ஒரு வாத்தியக் குழு.

"அமெரிக்காக்காரன் ஜாஸ் ஊதுனான். கியூபாக்காரன் மேளத்தக் கொண்டாந்து சேத்தான். மெக்சிகோக்காரன் ரெண்டையும் கிளப்புல ஆடவிட்டு, அப்படியே படத்துக்குள்ள தூக்கி வச்சான். அவன்கிட்டேருந்து நான் திருடுறேன். நீ சத்தம் போடாம உக்காரு லா," என்பீர்கள். திரையில் குழு வாசிக்கும்போது உங்கள் விரல்கள் தொடையில் ஓடும். பாட்டு முடிந்ததும் இங்கிலீஷ் வரிகளை எங்களுக்குத் தமிழில் சொல்வீர்கள். பள்ளிக்கூடம் போனவர் நீங்கள் ஒருவர்தான்.

கடைசிக் காட்சி ரயில் நிலையம். ஜன்னலில் கேபரேயில் ஆடிய பெண், கன்னமெல்லாம் கண்ணீர். வெளியே காதலன் நின்று ஏதோ சொல்கிறான். வண்டி நகர்கிறது.

"'நீ முன்ன போ, எங்கம்மா ஒன்னப் பாத்துக்குவாங்க, நான் ரெண்டு நாள்ல வந்துடுறேன்'ங்கிறான்டா," என்றீர்கள். நாலு தடவையும் அதையேதான் சொன்னீர்கள்.

நேற்று அந்த இடத்தில் படத்தை நிறுத்தி மூன்று முறை கூட்டினேன். "கேபரேயில் ஆடியவளுக்கு என் அம்மா வீட்டில் இடமில்லை. இனித் திரும்பி வராதே."

நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்துகூட அங்கே இல்லை, அண்ணே. நான் செய்தது உங்களுக்குத் தெரியும். அக்கரையில் நிபோங் திபால் தோட்டத்தில் இருந்த அம்மாவிடம், மண்டபத்தில் ஆடுகிற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது என்று மாதக்கணக்காகத் தவித்தவன் நான். அந்தப் படம் தந்த தைரியத்தில், படத்தில் நடந்தபடியே, பாக்கியத்தைத் தனியாக ஃபெரிக் கப்பலில் ஏற்றி அம்மாவிடம் அனுப்பினேன். ரெண்டு நாளில் வருகிறேன் என்று அவனைப் போலவே கையை உயர்த்திக் காட்டினேன்.

"என்னா எழுதியிருக்கான்? வாசிங்க," என்றாள் பாக்கியம்.

"அதேதான். அம்மா பாத்துக்குவாங்கன்னு..." என்று இழுத்தேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அழுதுக்கிட்டுப் போறவ மாமியார் வீட்டுக்குப் போறான்னு நம்புனது, அந்தக் கொட்டாயிலயே நீங்க ஒருத்தர்தான் லா. அண்ணன் பொய் சொல்றாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா ஃபெரி ஏறுன?"

"வேற வழி? நான் வாயத் தொறந்திருந்தா நீங்க கல்யாணங் கட்டாம இன்னும் தரை தேச்சுக்கிட்டுத்தான் இருப்பீங்க. அங்க போய் வாசல்ல நின்னேன். 'எங்க அவன்?'னாங்க ஒங்கம்மா. 'ரெண்டு நாள்ல வருவாரு'ன்னேன். 'பொம்பளப் புள்ளயத் தனியா அனுப்பிட்டு அங்க என்னா கிழிக்கிறான்?'னு ஒங்களத்தான் திட்டுனாங்க. திட்டித் தீந்ததும் என்னைய உள்ள கூப்பிட்டுச் சோறு போட்டாங்க."

கூட நானும் போயிருந்தால் அந்தத் திட்டு அவள் மேல் விழுந்திருக்கும். எனக்கு அன்று அந்த இங்கிலீஷ் வரியை வாசிக்கத் தெரிந்திருந்தால் அவளை அனுப்பியிருக்கவே மாட்டேன். கற்றதில் எனக்கு எவ்வளவு சந்தோஷமோ, அதை நினைத்தால் அவ்வளவு பயம். அறுபது வருடமாக என் வீடு நீங்கள் மாற்றிச் சொன்ன ஒரு வரியின் மேல் நிற்கிறது. அதை நீங்கள் சாகும்வரை என்னிடம் சொல்லவும் இல்லை. அந்தப் பொய்யை இனி நான் வைத்துக்கொள்கிறேன், அண்ணே. அது என்னுடையதுதான்.

பிறகு உள்ளதை உள்ளபடியே பாக்கியத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவள் திரையில் உறைந்து நின்ற அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

"பாவம்," என்றாள். "அவளுக்கு நம்ம அண்ணன் மாதிரி ஒருத்தர் கெடைக்கல."