நகர்ந்துபோன அலைவரிசை

12 அக்டோபர் 1959
டிரான்ஸ்மிட்டரின் கிரிஸ்டல் உடைந்துவிட்டது. எங்கள் அலைவரிசையை நகராமல் பிடித்து வைத்திருந்ததே அந்தச் சின்னச் சில்லுதான். புதிது லண்டனிலிருந்து வர வேண்டும். அதுவரை கம்பிச்சுருளை வைத்து ஓட்டச் சொல்கிறார் மேனேஜர் துரைசாமி. சுருள் சூட்டுக்கும் குளிருக்கும் மாறுமே!

15 அக்டோபர்
அறையைக் குளிர்விக்கும் ஏர்கான் ஓடினால் சுருள் குளிர்ந்து அலைவரிசை மேலே போகிறது. மீட்டரில் தெரிகிறது. கடலில் நிற்கும் எங்கள் கம்பெனி இழுவைப் படகின் ரேடியோ ஒரே அலைவரிசையைத்தான் பிடிக்கும். நாம் நகர்ந்தால் அவர்களுக்கு ஒன்றும் கேட்காது.
மேனேஜரிடம் சொன்னேன். "நம்ம ஸ்பீக்கர்ல நல்லாத்தானே கேக்குது? சும்மா இரு லா, நெய்னா."
பக்கத்திலேயே இருந்தால் கேட்காமல் என்ன? குளிர்காற்றை அட்டை வைத்து மறைத்தேன். அசிங்கமாக இருக்கிறதாம், எடுக்கச் சொன்னார்.
எது அசிங்கம்?

21 அக்டோபர்
சுமத்ரா காற்று, அந்தத் திடீர்ச் சூறைக்காற்று, வருகிறதென்று எச்சரிக்கப் படகைக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன் - பதிலே இல்லை. ஏர்கானை நிறுத்தினேன். அறை சூடாவதற்குள் காற்று அடித்துவிட்டது. படகின் மேல்தளத்தில் நின்ற மாலுமி சேதுபதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

22 அக்டோபர்
பஃபலோ ரோடு, சேதுபதி வீடு. அவர் மனைவி தங்கம் ஒன்றே ஒன்று கேட்டார்: "படகுல ரேடியோ இருந்துச்சே, தம்பி?"

24 அக்டோபர்
படகின் ரேடியோக்காரர் நூருல் அமீன் நானா - எனக்கு அண்ணன் மாதிரி - அன்று தூங்கிவிட்டாராம்! மேனேஜரின் அறிக்கை. நான் சாட்சிக் கையெழுத்துப் போடணுமாம். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டே சொல்கிறார். மீசையெல்லாம் துகள்.
போடல. போடவும் மாட்டேன்.

2 நவம்பர்
விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் ஏர்கானை ஓடவிட்டு அளக்கச் சொன்னேன். மீட்டர் ஊசி நகர்ந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.
"இவன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல சார்" என்கிறார் துரைசாமி. கண்கூடச் சிமிட்டவில்லை. என்ன மனுஷன்டா இவன்! த்தூ.

12 நவம்பர்
நூருல் அமீன் நானா மேல் குற்றமில்லை. கிரிஸ்டலும் வந்து சேர்ந்தது - இப்போது.
துரைசாமிக்குத் தண்டனை? பினாங்குக் கிளைக்கு மாற்றம். பிரிவு விருந்தும் உண்டு. மாலை வாங்க என்னை அனுப்பப் பார்த்தார்கள். முடியாது என்றேன். விருந்துக்கும் போகவில்லை.

16 நவம்பர்
நானா மறுபடி படகேறினார். கூப்பிட்டேன்.
"தெளிவாக் கேக்குது, நெய்னா."
"சரி நானா."
ஏர்கான் ஓடிக்கொண்டுதான் இருந்தது; மீட்டர் ஊசி நகரவில்லை.