முப்பத்தொன்றாம் புள்ளி

மார்ச் 3, திங்கள்

காலையில் கடும் பனிமூட்டம். எதிரே தோட்டத்து லய வீடுகள்கூடத் தெரியவில்லை. என் வேலைக்கு அதனால் குறைவில்லை. தொலைநோக்கி விண்வெளியில்; எக்ஸ்-கதிர் காற்றைத் தாண்டிக் கீழே வராது. அது பிடித்த புள்ளிகளின் பட்டியலை யாரும் பார்க்கலாம், லிந்துலைத் தேயிலை மலையில் இருந்தும்.

தேடுவது: தனித்த நியூத்திரன் நட்சத்திரம். துணை இல்லை, வானொலித் துடிப்பு இல்லை. மென்மையான எக்ஸ்-கதிர் மட்டும். சாதாரணப் படத்தில் அந்த இடம் வெறும் இருட்டு.

விதிகள்:
படத்தில் நட்சத்திரம் இருந்தால் – கழி.
வன்கதிர் வந்தால் – கழி.
ஒளி கூடிக் குறைந்தால் – கழி.
வானத்தின் பின்னணியை நீக்கியபின் எண்ணிக்கை போதாவிட்டால் – கழி.

எட்டு மாதம், நாற்பது புள்ளி. மிச்சம் பூச்சியம்.

வெள்ளி மதியத்துக்குள் பேராசிரியைக்கு ஒன்றாவது கொடுக்க வேண்டும் (இந்தத் தேடலை நடத்தும் வெளிநாட்டுக்காரர், மின்னஞ்சல் பழக்கம் மட்டும்). பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பிக்கிறார்கள். விட்டால் அடுத்த வருடம். எனக்கு வயது 74.

மார்ச் 4, செவ்வாய்

வெயில். கோப்புகள் இறக்க நிஸார் நானாவின் இணையக் கடைக்கு.

"என்ன மாஸ்டர், நட்சத்திரம் அம்புட்டிச்சா?"

"இல்ல நானா. எல்லாம் கழிஞ்சிருச்சு."

"முப்பது வருசம் கணக்குப் பேப்பர் திருத்தின கைதானே. அந்தச் சிவப்புப் பேனையப் புடுங்கி வச்சாத்தான் சரி வரும்."

சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது உறுத்தியது. பயந்தவன் திருத்தினால் ஒருவனும் பாஸாக மாட்டான்.

மார்ச் 5, புதன்

மனைவி ராசம்மா கேட்டாள், அப்படி என்னதான் கழிக்கிறீர்கள் என்று. சொன்னேன்: புள்ளியில் எண்ணியதில் வானத்தின் பொதுவான ஒளியும் சேர்ந்திருக்கும், அதை நீக்க வேண்டும். தேயிலைக் கொழுந்து எடுத்தே ஓய்வு பெற்றவள். உடனே பிடித்துக்கொண்டாள்.

"சாக்குக்குனு மலையில ரெண்டு கிலோ கழிப்பாங்க. பெக்டரிக்குப் போனா அதே சாக்குக்கு இன்னொருக்கா கழிப்பாங்க. ஒங்களுக்கு அவங்க கழிக்காமயா குடுத்தாங்க? கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பட்டியலின் விளக்கக் குறிப்பைத் திறந்தேன். எண்ணிக்கைப் பத்தி: பின்னணி ஏற்கெனவே நீக்கப்பட்டது.

எட்டு மாதமும் இரண்டு தடவை கழித்திருக்கிறேன். ராசம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப ரெண்டு தடவ கழிச்ச கணக்கப்புள்ள நீங்கதானா?" என்றாள். தேநீர் தந்தாள்.

மாலைக்குள் திருப்பிச் செய்தேன். ஒன்பது புள்ளி மீண்டும் வந்தன. எட்டு மற்ற விதிகளில் விழுந்தன. எண் 31 நின்றது.

மார்ச் 6, வியாழன்

31: மென்கதிர் மட்டும். ஏற்ற இறக்கம் இல்லை. புள்ளியைச் சுற்றிய வட்டத்துக்குள் எந்தப் படத்திலும் ஒன்றும் இல்லை. மூன்று தடவை பார்த்தாயிற்று. நான்காவது தேவையில்லை.

கடிதம் பதினான்கு வரி. அதில் ஆறு, பிழையிருந்தால் மன்னிக்கவும் என்ற வகை. ராசம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"மன்னிப்புக் கேக்குற அளவுக்கு என்னா செஞ்சிட்டீங்க?"

ஐந்தை எடுத்தேன். தொழில்முறை வானியலாளன் அல்லன் என்பதை விட்டுவைத்தேன். அது உண்மை.

மார்ச் 7, வெள்ளி

10.15க்கு அனுப்பினேன். நானா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"பேர முழுசாப் போட்டீங்களா மாஸ்டர்?"

"போட்டேன்."

திரும்பும்போது மரக்கறி. கரட் நல்லது.

மார்ச் 10, திங்கள்

பேராசிரியையின் பதில். 31 விண்ணப்பத்தில் சேர்ந்துவிட்டது. எச்சரிக்கையும் உண்டு: ஆழமான படத்தில் அந்த இடத்தில் ஒரு சாதாரண நட்சத்திரம் தெரிந்தாலும் முடிந்தது, தயாராக இருங்கள். நியாயம். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஒரே வரியில் பதில் அனுப்பினேன். அப்படி ஒன்று அங்கே இருக்காது.