கட்டிலை மட்டும் விடுவிக்கக் கோரி

அனுப்புநர்:
சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாரின் மனைவி,
தரைத்தளம், துறைமுகப் பின்தெரு.

பெறுநர்:
சரக்கு விடுவிப்பு அதிகாரி அவர்கள்,
துறைமுக அலுவலகம்.

பொருள்: கிடங்கில் நிறுத்தப்பட்டுள்ள எங்கள் மரப்பெட்டியிலிருந்து நோயாளிக் கட்டிலை முன்னதாக விடுவிக்க வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் கொத்தனார். வெளிநாட்டில் சாரம் சரிந்து விழுந்ததில் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவரை விமானத்தில் அழைத்து வந்தேன். தலைப்பக்கம் உயர்த்தித் தாழ்த்தும் அவருடைய கட்டிலும் வீட்டுச் சாமான்களும் ஒரே பெட்டியில் கப்பலேறின.

2. வழியில் புயல். கப்பலைக் காப்பாற்ற, மேல்தளத்திலிருந்த சிலரது சரக்கைக் கேப்டன் கடலில் தள்ளச் சொல்லியிருக்கிறார். அப்படித் தள்ளினால், தப்பிய சரக்குக்காரர்கள் எல்லோரும் அந்த நட்டத்தில் பங்கு ஏற்க வேண்டும் என்பது கப்பல் சட்டமாம். அதற்கு முன்பணம் கட்டும்வரை பெட்டி நகராது என்கிறார் கப்பல் கம்பெனி ஏஜென்ட்.

3. சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. யாரோ ஒருவர் சாமான் மூழ்கியதால்தான் எங்களுடையது கரை சேர்ந்தது. முகம் தெரியாத அவர்களையும் தினப் பிரார்த்தனையில் சேர்த்திருக்கிறேன். பங்கையும் கொடுப்போம், மொத்தமாகக் கட்ட இப்போது கையில் இல்லை. பெட்டி அனுப்பும்போது, “பாதி விலை போடுங்கக்கா, யாரு பாக்கப் போறா?” என்றார் புக்கிங் தம்பி. கடவுளுக்குப் பயந்து, வாங்கிய விலையையே எழுதினேன். எழுதிய விலைப்படிதான் பங்காம், அதனால் அதுவும் கூடிவிட்டது. அதற்காக நான் வருந்தவில்லை.

4. வருத்தம் வேறு. அவர் தரையில் மெத்தையில் கிடக்கிறார். நான் ஒருத்தியாகப் புரட்டிப் படுக்கவைக்க முடியவில்லை. இடுப்பெலும்பருகே தோல் கறுத்துப் புண் வைத்துவிட்டது. அவருக்கு வலி தெரியாது, நாற்றம் தெரிகிறது. “என்னையும் அந்தப் பெட்டியில வெச்சு அனுப்பி, கடல்ல தள்ளியிருந்தா, மத்தவங்க உனக்குல்ல பங்கு குடுத்திருப்பாங்க” என்று சிரிக்கிறார். நான் சிரிக்கவில்லை.

5. ஏஜென்டிடம் நேரில் போய்க் கேட்டேன். “பெட்டியப் பிரிச்சுக் குடுக்க எனக்கு அதிகாரமில்லம்மா. மேல கேளுங்க” என்றார். ஆகவே தங்களிடம் வந்திருக்கிறேன். கட்டிலைக் கழித்தாலும் குளிர்பெட்டி, துணி துவைக்கும் மெஷின், தையல் மெஷின் எல்லாம் கிடங்கிலேயே இருக்கும். அவற்றை விற்றாலே பங்குத்தொகை போக மிச்சம் வரும், கணக்கை இணைத்திருக்கிறேன்.

தங்கள் ஆள் முன்னிலையில் பெட்டியைத் திறந்து, கட்டிலை மட்டும் தர உத்தரவிடுங்கள் ஐயா. மற்றதை நானே அடுக்கி ஆணியடித்துத் தருகிறேன். தொகையில் ஒரு காசும் குறைக்கக் கேட்கவில்லை. மற்ற சாமான்கள் எத்தனை காலம் கிடந்தாலும் அவற்றுக்குப் புண் வைக்காது.

நாள்: திங்கட்கிழமை
இடம்: துறைமுகப் பின்தெரு

தங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
கொத்தனாரின் மனைவி