கோடு தாண்டிய பந்து

நேற்று மத்தியானம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரி டிவியில் ஒரு பெண் நடுவர் இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் காற்றில் ஒரு பெட்டி வரைந்தார். வாய்க்குக் கொண்டுபோன பப்ஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. அந்தப் பெட்டியை எனக்கு முதன்முதலில் வரைந்து காட்டியவள் நீ, உன் வீட்டு அடுக்களையில், விரலெல்லாம் தோசை மாவோடு. நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. செத்தவளுக்குக் கடிதம் எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது, ஆபீசில் எழுதுவதே போதும் போதும் என்றிருக்கிறது. இருந்தாலும் நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

பேக்கரிக்காரர் மலையாளி. பந்து உருண்டால் போதும் அவருக்கு, ஆடுவது ஆணா பெண்ணா என்று பார்க்கமாட்டார். நம் நாட்டுப் பெண்கள் எங்கோ வெளிநாட்டில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். எதிரணிப் பெண் அடித்த பந்து மேல்கம்பியில் பட்டு நேராகக் கீழே விழுந்தது. நம் கீப்பர் பாய்ந்து அதை வெளியே வாரினாள். உள்ளே போனதா இல்லையா என்று வீடியோவில் பார்க்க வேண்டும் என்று நடுவர் காதில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். நான்கு நிமிடம் ஆட்டம் நடக்கவில்லை.

அந்த நான்கு நிமிடமும் பக்கத்து மேஜையில் நாலைந்து ஆம்பிளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. சர்வேயரைக் கூப்பிட்டுச் சங்கிலி போட்டு அளக்கச் சொல்லலாமே என்றான் ஒருவன். பொம்பளைப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவதற்கு இத்தனை கேமரா எதற்கு என்றான் இன்னொருவன். மூன்றாமவன் செல்போனில் வந்துகொண்டிருந்த கமெண்டுகளைச் சத்தமாக வாசித்தான். சப்பாத்தி மாவும் உருண்டைதான், அதைப் போய் உருட்டுங்கள் என்று எவனோ எழுதியிருக்கிறான். அதற்கு மேஜையே குலுங்கியது. பிறகு நடுவர், வீடியோ பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளமாக அந்தப் பெட்டியை வரைந்து, நடு மைதானத்தைக் கை காட்டினார். கோல். நமக்கு எதிராக. உடனே அதே வாய்கள் நாட்டுப்பற்றில் கொதித்தன. வீடியோ பார்க்கிறவன் விலைபோய்விட்டான், நம்ம பிள்ளைகளை ஏமாற்றிவிட்டார்கள், அந்த நடுவர் பொம்பளையைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும். ஒரு பெண் மைதானத்தில் நம்ம பிள்ளை ஆவதற்கு முதலில் தோற்க வேண்டும் போலிருக்கிறது.

நான் அவர்களைப் பார்க்கவில்லை. கீப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற பெண்களெல்லாம் நடுவரைச் சூழ்ந்து கத்திக்கொண்டிருக்க, அவள் மட்டும் கம்பத்தின் ஓரமாக நின்று கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். அவளுக்குத் தெரியும். பந்து எவ்வளவு உள்ளே கிடந்தது என்று கீப்பருக்கு எந்தக் கேமராவும் சொல்ல வேண்டாம். எனக்கும் அன்றைக்குத் தெரிந்துதான் இருந்தது.

நீ வாசுதேவநல்லூர்ப் பக்கமிருந்து வந்த அணியின் பத்தாம் நம்பர். நான் சங்கரன்கோவில் அணியின் கீப்பர். மாவட்டத் தேர்வுக்கான கடைசி ஆட்டம், நம் இருவருக்கும் பதினேழு வயது. மைதானத்து மதில் மேல் வரிசையாக ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் பந்தைப் பார்க்க வந்தவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம், மீதிப் பேர் எங்கள் டவுசரைப் பார்க்க வந்தவர்கள். நான் குனியும்போதெல்லாம் விசில். துப்பட்டாவை எங்கே கழற்றி வைத்தாய் என்று ஒருவன். குடம் தூக்குகிற கைக்குப் பந்து நிற்குமா என்று ஒருவன். ஒரு மணி நேரமாக அதைக் கேட்டுக்கொண்டேதான் கோலில் நின்றேன்.

அப்போதுதான் நீ வலது பக்கமிருந்து தரையோடு தரையாக ஒன்று அடித்தாய். என் வயிற்றுக்கு அடியில் புகுந்து போய்விட்டது. கம்பங்களுக்குப் பின்னால் வலை கிடையாது. நான் புரண்டு கையை நீட்டிப் பிடித்தபோது பந்து கோட்டுக்கு அரை முழம் பின்னால் இருந்தது. இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். மதில் மேலிருந்து ஒரே கைத்தட்டல். பிடித்துவிட்டாள், பிடித்துவிட்டாள் என்று கத்துகிறார்கள். அதுவரை என்னைப் பார்த்து ஊளையிட்ட வாய்கள் எனக்காகக் கத்தின. அது எவ்வளவு இனித்தது என்று இப்போதும் மறைக்காமல் சொல்கிறேன்.

நடுவராக இருந்த பி.டி. சார் நடு மைதானத்தில் நின்றுவிட்டு, மூச்சு வாங்க ஓடி வந்தார். நீ கையைத் தூக்கிக்கொண்டு கோல் கோல் என்று அவர் முன்னாலேயே நின்றாய். அவர் உன்னைத் தாண்டி என்னிடம் வந்தார்.

“ஏட்டி, நீதான பக்கத்துல கெடந்த. உள்ள போச்சா?”

தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவ்வளவுதான். அன்றைக்கு வீடியோ நான்தான்.

ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தோம். ஜெயித்த அணியிலிருந்து ஆள் எடுத்தார்கள். மாநில முகாமுக்குப் போனேன், சான்றிதழ் வந்தது, அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலையும் வந்தது. உனக்கு அந்தக் கோடை விடுமுறையோடு ஆட்டம் போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். தேர்வாகியிருந்தால் அனுப்பியிருப்பார்கள் என்று பிற்பாடு நீயே சொன்னாய். மூன்று வருடத்தில் சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

பத்து வருடம் கழித்து, மகளுக்கு வருமானச் சான்று கேட்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாய். மனுவை நீட்டவில்லை, என் முகத்தையே பார்த்தாய். “நீ கீப்பருல்லா?” என்றாய். அடுத்த கேள்வி, “அது உள்ளதானட்டி போச்சு?” வரிசையில் பின்னால் நின்றவர்கள் விழித்தார்கள். கண்ணில் மண் விழுந்துவிட்டது, எனக்குத் தெரியவில்லை என்றேன். நீ சிரித்தாய். நம்பிவிட்டாய். அங்கிருந்துதான் நம் சிநேகிதம் தொடங்கியது, அதன் அடியில் கிடந்தது அந்தப் பொய்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் உன் வீட்டுக்கு வருவேன். பின்பக்கம் தறிச் சத்தம் காதைப் பிளக்கும், நீ செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் பெண்கள் ஆட்டம் பார்ப்பாய். ஆஃப்சைடு என்றால் என்ன என்று உன் வீட்டுக்காரருக்கு நூல் சுற்றுகிற குச்சிகளை வரிசையாக வைத்துச் சொல்லிக்கொடுத்தாய். அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆட்டத்தின் கீழே எவனாவது அசிங்கமாக எழுதினால் விடமாட்டாய், மாவுக் கையைத் துடைத்துவிட்டு, “நீ பத்து நிமிசம் ஓடிக் காட்டிட்டுப் பேசுலே” என்று பதில் போடுவாய். அதற்கு நாற்பது பேர் உன்னைத் திட்டுவார்கள். ஒவ்வொன்றாக வாசித்துச் சிரிப்பாய். வீடியோ நடுவர் வந்தபோது உனக்கு இருந்த சந்தோஷம் ஆடுகிறவர்களுக்குக்கூட இருந்திருக்காது. “இப்ப உள்ள புள்ளைய குடுத்து வச்சதுவ. யாருகிட்டயும் போயி கேக்க வேண்டாம்” என்றாய் ஒரு தடவை. நான் டம்ளரைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போனேன்.

அன்றிலிருந்து நீ எதற்கெடுத்தாலும் பெட்டி வரைவாய். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று அவர் சொன்னால், காற்றில் பெட்டி வரைந்து, திரும்ப ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள் என்பாய். அவர் நம்பாத உன் பழைய கோல் கதையிலிருந்தே அவரிடம் அதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. “ஆமா, கோடு தாண்டிட்டு.”

அது உங்கள் வீட்டு வழக்கே ஆகிவிட்டது. நீ சொல்கிற எதையாவது நம்பாவிட்டால் இப்படித்தான் சொல்வார். கேஸ் தீர்ந்துவிட்டது என்பாய், ஆமா, கோடு தாண்டிட்டு. தறிக்காரர் ஒருவர் நூலைக் கூடுதலாக எடுக்கிறார் என்பாய், ஆமா, கோடு தாண்டிட்டு. மகளும் கற்றுக்கொண்டாள். பொம்பளை கோடு தாண்டினால் குடும்பம் என்ன ஆகும் என்று அதிலேயே ஒரு சிலேடை வேறு செய்வார், தானே சிரிப்பார். கெட்ட மனிதர் இல்லை அவர், உனக்குத் தெரியாததா. பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிரித்தேன். என்னைத் திரும்பிப் பார்த்து, “நீ சொல்லுட்டி, தாண்டிச்சா இல்லியா?” என்பாய். மண் விழுந்த கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

பிறகு வயிற்றில் வலி என்று சொல்ல ஆரம்பித்தாய். முதல் தடவை நீ சொன்னபோது நானும் அங்கேதான் இருந்தேன். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் அந்த மூன்று வார்த்தையைச் சொன்னார். மகள் சிரித்தாள். நீயும் சிரித்தாய். ஏழெட்டு மாதம் கஷாயத்திலும் மாத்திரைக் கடையிலும் போனது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனபோது கட்டி பெரிதாகிவிட்டது. ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டாராம். அதற்கான பதிலை என்னிடம் சொன்னாய், கட்டிலில் படுத்துக்கொண்டு, மேலே ஃபேனைப் பார்த்தபடி.

“நான் சொன்னா எங்க வீட்ல கோல் கெடையாதுல்லா.”

அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். பந்து உள்ளே போனது, அரை முழம் உள்ளே, கண்ணில் மண்ணும் விழவில்லை ஒன்றும் விழவில்லை, கைத்தட்டலுக்கு ஆசைப்பட்டுத் தலையாட்டினேன் என்றேன். அழுதேன். நீ என் கையைப் பிடித்துக்கொள்வாய் என்று நினைத்தேன் பார், அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நீ என்னைப் பார்க்காமலே சொன்னாய். “தெரிஞ்சவ கிட்ட வந்து எதுக்குச் சொல்லுத? அவுக கிட்ட போயி சொல்லு.” சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அடுத்த வாரம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தேன். அம்மா யாரையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று உன் மகள் வாசலிலேயே நின்று சொன்னாள். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். பிறகு உன்னை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தபோதுதான் பார்த்தேன்.

அன்றைக்காவது நீ சொன்னபடி அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பதினாறாம் நாள் பந்தியில் உன் வீட்டுக்காரர் பந்துக் கதையை எடுத்தார், பாவம் சாகிறவரை தாண்டிவிட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள் என்று. கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். வேலை போய்விடும் என்ற பயமெல்லாம் இல்லை. இத்தனை வயதுக்கு மேல் ஒரு பொய்க்காரி என்று ஊரில் பெயர் வாங்க மனசு வரவில்லை. ஒரு வருடம் அப்படியே ஓடியது.

நேற்று அந்தக் கீப்பரைப் பார்த்த பிறகு முடியவில்லை. டீயைக் குடிக்காமலே நேராக உன் வீட்டுத் தறிக்கூடத்துக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு, வாங்க மேடம் என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உட்காராமலே சொன்னேன், பி.டி. சார் கேட்டதையும், நான் தலையாட்டியதையும். நீ சொன்னது அத்தனையும் நிஜம், நான் சொன்னதுதான் பொய் என்றேன். அவர் என்னைத் திட்டுவார், கேமரா இருந்ததா, சாட்சி இருக்கிறதா, அவள் போன பிறகு எதற்கு வந்து இதைச் சொல்கிறாய் என்று ஏதாவது கேட்பார் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றும் கேட்கவில்லை. நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம். கவர்மெண்டுல இருக்கவுக, பொய்யா சொல்லப் போறீக.” துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “பாவம், அவளும் சொல்லிக்கிட்டேதான் கெடந்தா” என்றார்.

பிறகு அவரே கடைக்குப் போய் எனக்கு ஒரு கலர் வாங்கி வந்து கொடுத்தார். அதையும் குடித்துத் தொலைத்தேன்.

நீ கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் சொன்னாய். நான் ஒரு தடவை சொன்னேன், நம்பிவிட்டார். பதினேழு வயதில் பொய் சொன்னபோதும் என்னைத்தான் நம்பினார்கள், நேற்று பொய் சொன்னேன் என்று சொன்னபோதும் என்னைத்தான் நம்பினார்கள். நீ சொல்லச் சொன்னபடி சொல்லிவிட்டேன், பாரம் இறங்கவில்லை. இந்த ஊரில் என் வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அதை நான் உன்னிடமிருந்து எடுத்தேன்.